பாலர் பள்ளிக்கு வாங்கிய கால்பலகைகள்: எதை வாங்கலாம், வாங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்

நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்காரும் கழிப்பறை இருந்து, மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளையும் இருந்தால், கழிப்பறைக் கிண்ணத்தின் அடிப்பகுதியை அணைத்தாற்போல் வளைந்து நிற்கும் கெட்டி பிளாஸ்டிக் கால்பலகை ஒன்றை வாங்கிப் போடுங்கள். மடக்கி வைக்கும் பலகை வேண்டாம். ஏணி பொருத்திய சிறுவர் இருக்கை வேண்டவே வேண்டாம். ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் ‘மலச்சிக்கலுக்குத் தீர்வு’ என்று அச்சடித்திருப்பதை நம்பிவிடாதீர்கள். பலகை பிள்ளையின் காலைத் தாங்கும், அவ்வளவுதான். பிள்ளைக்கு மலச்சிக்கல் இருக்கிறதா என்று கண்டுகொள்வது பெரியவர்களின் வேலை. அதைச் செய்யாமல் பலகை வாங்கினால் இருபது முப்பது வெள்ளி (ரிங்கிட்) செலவானதுதான் மிச்சம்.

மலேசியாவின் பினாங்கு, ஜெலுத்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் பள்ளி என்பதால், இருப்பது பெரியவர்களுக்கான கழிப்பறைதான். நான்கு வயதுக் குழந்தை அதில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். கால்கள் அந்தரத்தில் தொங்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு முழுவதும் இறுகியிருக்கும்போது எந்தப் பிள்ளையால் நிம்மதியாக மலம் கழிக்க முடியும்? சிறுநீரை மட்டும் கழித்துவிட்டு இறங்கி ஓடிவந்துவிடும். அதற்காகத்தான் மூன்று விதமான பொருள்களை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தோம். இரண்டு பலகைகளை அக்கம்பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடையில் வாங்கினோம். ஏணி இருக்கையை இணையத்தில் வாங்கினோம்.

முதலில் ஏணி இருக்கை. படத்தில் மிக அழகாக இருக்கும். இரண்டு படிகள், இரு பக்கமும் கைப்பிடி, மேலே சின்னப் பிள்ளைகள் உட்காருவதற்கான மெத்தை வளையம். பிள்ளைகளுக்கு ஏறுவதில் ஆர்வம் வந்ததை மறுக்கமாட்டேன். ஆனால் நம் வீட்டுக் கழிப்பறைத் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்; குழாயால் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் நமக்கு. ஈரத் தரையில் ஏணியின் கால் நழுவுகிறது. பிள்ளை உட்கார்ந்த பிறகு பாதம் மேல்படியை முழுதாகத் தொடுவதுமில்லை. நுனிவிரல் மட்டும் படும். கால் ஊன்ற முடியாவிட்டால் ஏணி எதற்கு? இன்னொரு தொல்லை, கழுவிவிட வரும் பெரியவர்களை அது குறுக்கே மறிக்கிறது. பிள்ளையை ஒரு கையிலும் ஏணியை ஒரு கையிலும் தூக்க வேண்டியிருக்கிறது.

மடக்குப் பலகை இலேசானது. நெடுந்தூரப் பயணத்துக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். தினசரிப் பயன்பாட்டுக்கு ஆகாது. மடிப்பு மூட்டுகளில் தண்ணீர் தேங்கிக் கறுப்புப் பூஞ்சை படர்கிறது. அங்கே பிரஷ்ஷும் நுழையாது. பிள்ளைகள் மடக்கி விரித்து விளையாடும்போது விரல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

வளைந்த பலகை ஒரே வார்ப்பு. உயரம் 20 சென்டிமீட்டர். அடியில் ரப்பர் பதித்திருக்கிறது, ஈரத்திலும் நகரவில்லை. வேண்டாதபோது கிண்ணத்தின் அடியில் தள்ளிவிடலாம். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் சுத்தமாகிவிடும். எங்கள் பள்ளியில் இன்றும் தினமும் பயன்படுவது இதுதான். மேலே தனியாக ஒரு சிறுவர் இருக்கை வளையம் வைத்துக்கொள்கிறோம். அந்த வளையம் இல்லாவிட்டால் பலகையால் பாதிப் பயன்தான், ஏனெனில் உள்ளே விழுந்துவிடும் பயம் பிள்ளைக்குப் போகாது.

வாங்கும் முன் அளவு எடுங்கள். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து உள்ளங்கால்வரை அளந்துகொள்ளுங்கள். கழிப்பறை இருக்கையின் உயரம் பெரும்பாலும் 40 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அதிலிருந்து காலின் நீளத்தைக் கழித்து, நான்கு விரற்கடை சேர்த்தால் பலகையின் உயரம் கிடைக்கும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும், பாதம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும், பிள்ளை முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை அதை முன்னோக்கி இழுத்து மடக்கிப் பிடித்திருக்கிறது. குந்தும்போது அந்தத் தசை தளர்ந்து வழி நேராகிறது. நம் பழைய குந்து கழிப்பறைகள் இதைத் தாமாகவே செய்துவந்தன. அடுக்குமாடி வீடுகளில் உட்காரும் கழிப்பறை வந்த பிறகு, பிள்ளைகளின் பாதத்துக்குக் கீழே ஏதாவது வைத்துத்தான் அந்த நிலையைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இனி, எந்தப் பெட்டியிலும் எழுதாத விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்த மதிப்புரையை எழுதக் காரணமே இதுதான்.

விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முகம் சிவக்கும். தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அல்லது கால்கள் கத்தரிபோல் பின்னும். உடம்பு முன்னும் பின்னும் ஆடும். சில பிள்ளைகள் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். ‘என்ன கண்ணு?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை டீச்சர்’ என்று பதில் வரும். சற்று நேரத்தில் முகம் தெளிந்து மறுபடி விளையாடப் போய்விடுவார்கள். இதைக் காணும் பெற்றோரில் பெரும்பாலோர், ‘பாவம், முக்குகிறான், வரவில்லை’ என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வருவதை அந்தப் பிள்ளை அடக்குகிறது. ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும். ஆசனவாயில் சிறு வெடிப்புகூட ஏற்பட்டிருக்கலாம். இனி வலிக்கக் கூடாது என்று அந்தக் குழந்தை தனக்குத் தெரிந்த வழியில் முடிவு செய்துவிட்டது. அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் மேலும் இறுகிப் பெரிதாகும். அடுத்த முறை வலி இன்னும் கூடும், அடக்குவதும் கூடும். பலகையில் கால் ஊன்றி உட்காரவைத்த பிறகும் ஒரு பிள்ளை முதுகை விறைத்து, காலை நீட்டி, பிட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்தால், அதன் பயம் உயரத்தைப் பற்றியது அல்ல, வலியைப் பற்றியது என்று புரிந்துகொள்ளலாம். பலகை எனக்குச் செய்த பெரிய உதவி இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்ததுதான்.

‘தினமும் போகிறானே, மலச்சிக்கல் எப்படி இருக்கும்?’ என்று பெற்றோர் கேட்பார்கள். எத்தனை முறை என்பது பாதிக் கணக்குதான். தினமும் ஆட்டுப் புழுக்கைபோல் நாலைந்து உருண்டைகள் மட்டும் போகும் பிள்ளைக்கும் மலச்சிக்கல் இருக்கிறது. வாரத்தில் இரண்டு முறையோ அதற்கும் குறைவாகவோ போகும் பிள்ளைக்கும் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடமிருந்தா வந்தது என்று திகைக்கும் அளவுக்குப் பருமனாகப் போய்க் கழிப்பறையே அடைத்துக்கொண்டால், அதுவும் ஓர் அடையாளம். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்துக்காட்டும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. 1997-இல் வெளியானது. முதல் வகை தனித்தனி உருண்டைகள், இரண்டாம் வகை உருண்டைகள் ஒட்டிய கட்டி. இவை இரண்டும் மலச்சிக்கலைக் காட்டும். மூன்றும் நான்கும் நல்ல நிலை. நாங்கள் அந்தப் படத்தைக் கழிப்பறைக் கதவின் உட்புறம், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம். கூச்சமே இல்லாமல் விரல் வைத்துக் காட்டுகிறார்கள். பலகையைவிட இந்தக் காகிதத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். ஐந்து வயதானதும் பிள்ளை தானாகப் போய்வந்துவிடுகிறது. அதன் பிறகு மலம் எப்படி இருக்கிறது என்று வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தகவல் அங்கேதான் அறுந்துபோகிறது.

ஜட்டியில் படியும் கறையைப் பற்றிச் சொல்லும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. நன்றாகக் கழிப்பறைக்குப் போகப் பழகிவிட்ட பிள்ளை, மறுபடி ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக, களிபோலவோ தண்ணீர்போலவோ கறைப்படுத்திக்கொண்டு வரும். வீட்டில் திட்டுவார்கள். ‘இவ்வளவு பெரிய பையன், சொல்லத் தெரியாதா?’ என்பார்கள். அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் குழந்தைக்கு நடப்பதே தெரிந்திருக்காது. உள்ளே மலக்குடலில் கெட்டிப்பட்ட மலம் அடைத்து நிற்கிறது. புதிதாக வரும் இளகிய மலம், பாறையைச் சுற்றி வழியும் ஓடைபோல் ஓரமாகக் கசிந்து வெளியேறுகிறது. மலக்குடல் நீண்ட நாள் விரிந்தே இருப்பதால் ‘வருகிறது’ என்ற உணர்வும் மங்கிவிடுகிறது. இதில் சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. ஒரு தாய் என்னிடம், ‘வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தோம் டீச்சர், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று சொன்னார். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து குடலின் அசைவைக் குறைத்து அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். கறை வருகிறது என்றால், கடைசியாக நல்ல வடிவத்தில் மலம் போனது எப்போது என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

சிறுநீரையும் கவனியுங்கள். நிரம்பிய மலக்குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் என்று ஓடுவது, பகலில் நனைத்துக்கொள்வது, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வருவது, சிறுநீர்த் தொற்று மறுபடி மறுபடி வருவது, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் மலச்சிக்கல் இருக்கக்கூடும். சாப்பிடும்போது இரண்டு வாய்க்குமேல் வேண்டாம் என்று தள்ளுவதும், வயிறு வலிக்கிறது என்று தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு அழுவதும், மலம் போனதும் வலி நின்று பசி எடுப்பதும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். எங்கள் பாட்டிமார்கள் இதற்குக் கண்பட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள். உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். இளநீர் நல்லதுதான். அதோடு கழிப்பறையையும் எட்டிப் பாருங்கள் என்றுதான் பாட்டிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டிமார்களிடம் நான் உறுதியாக வேண்டாம் என்று சொல்வது வெற்றிலைக் காம்பையும் சோப்புத் துண்டையும். ஆசனவாயில் எதையும் நுழைக்காதீர்கள். ஏற்கெனவே வலிக்குப் பயந்து அடக்கும் குழந்தைக்கு அது இன்னொரு வலி; உள்ளே புண்ணும் ஆகலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் கூடாது.

கைக்குழந்தைகளின் கணக்கு வேறு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள்கள் போகாமல் இருந்து, பிறகு இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. முகம் சிவக்க அழுது முக்கி, கடைசியில் மிருதுவாகப் போகும் சின்னக் குழந்தைக்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வயிற்றை அழுத்துவதையும் கீழ்த்தசையைத் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய இன்னும் பழகவில்லை.

ஆனால் சில அடையாளங்கள் இருந்தால் பலகை, பழம், காத்திருப்பு எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கறுப்பு மலம் போகாமல் இருந்தது. பிறந்த சில வாரங்களிலேயே சிக்கல் தொடங்கியது. வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுப்பது. மலம் நாடாபோல் மெலிந்து வருவது. எடை ஏறாமல் இருப்பது. காலில் பலவீனம் அல்லது நடையில் மாற்றம். இவை அரிது. மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளே வேறு நோய் எதுவும் இருப்பதில்லை. அரிது என்பதாலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மற்றபடி, அடக்குவது, வலியோ கெட்டியோ, பருமன், கறை, வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் போகாதது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து ஒரு மாதமாக இருந்தால் மலச்சிக்கல் என்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள். ஒரு மாதம் ஆகட்டும் என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மேக்ரோகால் அல்லது லாக்டுலோஸ் கொடுப்பார்கள். இரண்டும் குடலில் தண்ணீரைத் தங்கவைத்து மலத்தை இளக்கும். உள்ளே அடைப்பு இருந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். பிறகு விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் மருந்து தொடர வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் பல பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். ‘நன்றாகப் போகிறாள் டீச்சர், மருந்துக்கு அடிமையாகிவிடக் கூடாதே’ என்பார்கள். அடுத்த மாதமே நுனிக்கால் நிலை திரும்பிவிடும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: பப்பாளி, தோலோடு கொய்யா, முருங்கைக்கீரை, பருப்பு எல்லாம் நல்லவை. அடைப்பு இருக்கும்போது நார்ச்சத்தை மட்டும் திணித்தால் வயிறுதான் உப்பும். நான்கிலிருந்து எட்டு வயதுவரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1200 மில்லி அளவுக்குக் குடிப்பதற்குக் கொடுக்க வேண்டும், நம் வெயிலில் அதைவிடக் கூடுதலாகவும். பாலும் மைலோவும் வயிற்றை நிரப்பிச் சோற்றையும் காய்கறியையும் ஒதுக்கவைத்தால் அளவைக் குறையுங்கள்.

பலகை எப்போது பயன்படும் என்பதும் முக்கியம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் ஐந்திலிருந்து பத்து நிமிடம் உட்காரவையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள். பலூன் ஊதச் சொல்லுங்கள், வயிற்றுத் தசை தானாக அழுத்தும். தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்ததும் இதற்கு நேரமே இல்லாமல் போகிறது. விடியற்காலையில் எழுப்பி, நின்றபடியே மைலோ குடிக்கவைத்து வேனில் ஏற்றிவிடுகிறோம். குடல் அசையும் நேரத்தில் பிள்ளை பள்ளி வேனில் இருக்கிறது. பள்ளியில் இருப்பது குந்து கழிப்பறையாக இருந்தால், வீட்டில் அதைப் பார்த்தே இராத பிள்ளை மதியம்வரை அடக்கிக்கொள்ளும். அதனால் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் குந்தி உட்காரவும், தானே கழுவிக்கொள்ளவும் எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். வீட்டில் காலை உணவை முன்னதாக நகர்த்த முடியாவிட்டால் இரவு உணவுக்குப் பின் உட்காரவையுங்கள். நேரம் மாறாமல் இருந்தால் போதும்.

குந்து கழிப்பறை உள்ள பழைய வீடுகளில் இருப்பவர்கள் பலகை வாங்கவே வேண்டாம். பிள்ளை பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினால் போதும். உட்காரும் கழிப்பறை உள்ளவர்கள், கடைக்குப் போகும்போது பலகையைத் தலைகீழாகப் புரட்டி நான்கு மூலையிலும் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டவைத்த ரப்பர் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். வார்ப்போடு பதித்ததாகக் கேட்டு வாங்குங்கள்.